ஒத்தக்குட வரிசை

பதினோரு மாதமாகத் தூத்துக்குடியில் நெய்தல் செல்போன் நிறுவனத்தின் மீது ஒரு புகார்கூடப் பதிவாகவில்லை. அந்தப் பெருமை முழுக்க ஹபீபாவுக்குத்தான் என்று அலுவலகத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஹபீபாவும் மறுக்கவில்லை. செய்தது தான்தான் என்று தெரிந்தபிறகு அடக்கம் காட்டுவது அவளுக்கு வராது.

அவள் செய்தது இதுதான். ஊரில் காற்று ஒன்று, அதில் பேசவேண்டியவர்கள் லட்சம் பேர். துறைமுகத்தில் ஆளில்லா டிரெய்லர்கள், ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படங்கள், பள்ளிப் பாடங்கள், சினிமா என எல்லாமே அந்தக் காற்றின் வழியாகத்தான் போகவேண்டும். செல்போன் கோபுரமோ ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் பேசும். ஒரு நொடியை ஆயிரம் துண்டாக நறுக்கி, துண்டுக்கு ஒருவர் என்று கொடுத்துக்கொண்டே போகும். எந்தத் துண்டு யாருக்கு என்று முடிவு செய்கிற மென்பொருளை ஹபீபா எழுதினாள். அதற்கு நடுவன் என்று பெயர் வைத்தாள். நடுவன் கெட்டிக்காரன். இந்தக் கணத்தில் யாருக்குச் சிக்னல் நன்றாக இருக்கிறதோ அவருக்கு அள்ளிக் கொடுப்பான். சிக்னல் மோசமாக இருப்பவரைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, அவருடைய நல்ல கணம் வந்ததும் பாக்கியைச் சேர்த்துக் கொடுத்துவிடுவான். யார் பங்கும் வேறு யாருக்கும் போகாது. நடுவன் வந்த மாதமே ஊருக்குக் கிடைத்த மொத்த வேகம் முப்பத்தெட்டு சதவீதம் ஏறியது.

அடுத்த மாதம் முதல் தேதி பதினான்கு நகரங்களுக்கு நடுவன் போகவிருந்தான். வடிவமைத்தவர் என்ற முறையில் ஹபீபா சான்றிதழில் கையெழுத்துப் போடவேண்டியது மட்டும்தான் பாக்கி. அதற்கு ஐந்து வாரம் முன்னால், ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு வரவேற்பறையிலிருந்து போன் வந்தது.

"மேடம், ஒரு அம்மா வந்திருக்காங்க. நெட்வொர்க் பத்திப் புகாராம். ஆன்லைன்ல போடுங்கன்னு சொன்னா, காகிதத்துலதான் தருவேன்னு உக்காந்துட்டாங்க."

ஹபீபா இறங்கிப் போனாள். வந்திருந்தவளுக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும். ஹபீபாவைவிட எட்டு வயதாவது இளையவள். தடித்த சட்டம் போட்ட கண்ணாடி, வலது முழங்கையில் கட்டு. மடியில் இருந்த வெள்ளைக் கோல் நடுவில் முறிந்து, கறுப்பு டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது.

"பேரு அமலோற்பவம். திரேஸ்புரம். போட் எஞ்சின் பட்டறையில ஸ்டோர் பாக்கேன். நீங்க யாரு, இந்த மெஷினைச் செஞ்சவங்களா, இல்ல அதைப் பத்திப் பேசுதவங்களா?"

"செஞ்சவ."

"அப்ப சரி. உங்ககிட்ட சொல்லலாம். என் கண்ணு வந்து வந்து போவுது, மேடம்."

அந்தக் கண்ணாடியைப் பற்றி ஹபீபா கேள்விப்பட்டிருந்தாள், யாரும் போட்டுப் பக்கத்தில் பார்த்ததில்லை. அமலோற்பவமே விளக்கினாள். இருபத்தேழு வயதில் பார்வை போனது. கண்ணாடியில் இருக்கும் கேமரா எதிரே உள்ளதைப் படம் பிடித்து எங்கோ இருக்கிற கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அது இது ஆள், இது சுவர், இது படி என்று பிரித்து, கோட்டுப் படமாகத் திருப்பி அனுப்பும். கண்ணுக்குப் பின்னால் வைத்திருக்கிற சின்னத் தகடு அதை அவளுக்குக் காட்டும்.

"அங்க போய்ட்டு இங்க வந்தாத்தான் எனக்குப் பார்வை. நடுவுல உங்க காத்து நின்னுபோச்சுன்னா, கரும்பலகைய அழிச்ச மாதிரி இருட்டு."

ஹபீபா கையிலிருந்த திரையில் அவளுடைய எண்ணைத் தட்டினாள். பதினோரு மாத வரைபடம் வந்தது. ஒரு குறையும் இல்லை.

"உங்களுக்கு வரவேண்டியது குறையாம வந்திருக்கு. உண்மையைச் சொன்னா, உங்க தெருவுல இருக்கிறவங்களைவிட ஒரு படி அதிகமாவே வந்திருக்கு. எந்த நிமிஷத்தை எடுத்துப் பாத்தாலும் சரியா இருக்கு."

"நிமிஷத்துல பாத்தா சரியாத்தான் இருக்கும் மேடம்," என்றாள் அமலோற்பவம். "நான் நிமிஷம் நிமிஷமாவா நடக்கேன்? ஒவ்வொரு எட்டால்லா நடக்கேன்."

ஹபீபா திரையிலிருந்து நிமிர்ந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை அமலோற்பவம் சொன்னாள். துறைமுகச் சாலையைக் கடக்கிறாள். பாதி தூரம் வந்தபோது பார்வை போனது. ஆளில்லா டிரெய்லருக்குச் சத்தம் கிடையாது. அது அவளைக் கண்டு பிரேக் போட்டதுதான், ஆனால் இரண்டு கன்டெய்னர் பாரம் நின்ற இடத்திலா நிற்கும்? வழுக்கிக்கொண்டு வந்தது. உப்பு லாரி டிரைவர் ஒருவர் அவள் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கோல் சக்கரத்தில் போனது. "எனக்காவது கோல் போச்சு. எங்க கண்ணாடிக்காரங்க சங்கத்துல ஜோதிராஜ்னு ஒருத்தர், அதே ரோட்டுல, போன மாசம். இடுப்பு ஒடிஞ்சு படுத்திருக்கார்."

"இவ்வளவு நடந்திருக்கு, ஏன் முன்னாடியே புகார் போடல?"

அமலோற்பவம் சிரித்தாள். "நாப்பது தடவை போட்டேன். நீங்க வீடியோ கேக்கீங்க. அதை அனுப்பினா, நடுவுல நடுவுல அறுந்து, அரை மணி நேரம் சுத்திட்டு, நேரம் முடிஞ்சுபோச்சுங்குது. புகாரும் உங்க காத்துலதான மேடம் வரணும்?"

மாடிக்குத் திரும்பிய ஹபீபா, முடிவடையாத புகார்கள் எங்கே போகின்றன என்று மதியம் முழுக்கத் தேடினாள். அப்படி ஒரு பெட்டி இருந்தது. அதன் மேல் 'பயனர் கைவிட்டார்' என்று எழுதியிருந்தது. உள்ளே ஆறாயிரத்து நூற்றுப் பதினெட்டு.

அவள் சிக்னல் அளக்கும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு கீழே வந்தாள்.

"வாங்க, அந்த ரோட்டுக்குப் போவோம்."

மாலை நான்கு மணிக்கு ஷிப்ட் மாறும்போது துறைமுகச் சாலையில் கன்டெய்னர் வண்டிகள் மதில்போல வரிசையாக வரும். அமலோற்பவம் நடைபாதையில் நடக்க, ஹபீபா கருவியைப் பார்த்தபடி கூடவே போனாள். கோபுரத்துக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு டிரெய்லர் வந்தது. அந்த இரும்புப் பெட்டி சிக்னலை மறைத்ததுமே நடுவன் அவளை ஒதுக்கிவைத்துவிட்டு, எதிர் மாடியில் சினிமா பார்ப்பவருக்கு அள்ளிக் கொடுத்தான். "போச்சு," என்று அமலோற்பவம் நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று நொடி. வண்டி நகர்ந்தது. "வந்துட்டு." இப்போது நடுவன் பாக்கியைத் தீர்க்கிறான், கொட்டுகொட்டென்று கொட்டுகிறான். டீக்கடை ஓரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தபோது, அவளுக்குத் தேவைப்பட்டதைப்போல இருபது மடங்கு கொடுத்தான்.

நடுவனிடம் ஒரு பிழையும் இல்லை. ஹபீபா எழுதியதை எழுத்துப் பிசகாமல் செய்தான். எத்தனை நொடிக்குள் பாக்கியைத் தீர்க்கவேண்டும் என்று அவனுக்கு ஓர் எண் கொடுத்திருந்தாள். நாலு. இரண்டு போட்டுப் பார்த்தாள், பத்து போட்டுப் பார்த்தாள், நாலில் மொத்த வேகம் நன்றாக வந்தது. மதியச் சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையில் எடுத்த முடிவு. நாலு நொடியில் ஒரு மனுஷி ஆறு எட்டு வைப்பாள் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

டீக்கடை பெஞ்சில் அவள் அதை மறைக்காமல் சொன்னாள். "அந்த நாலு நான் போட்டது, அமலி. வேற யாரும் இல்ல."

அமலோற்பவம் டீயை ஒரு வாய் குடித்தாள். "உங்க ஊர் எது?"

"காயல்பட்டினம்."

"அப்ப அக்கான்னு இல்ல, உங்க ஊர்ப்படி லாத்தான்னு கூப்பிடுதேன். சரி லாத்தா, இனி என்ன போடப் போறீங்க?"

மண்டலத் தலைவர் கோமதிநாயகம் கெட்டவர் இல்லை. ஹபீபா சொன்னதை முழுதாகக் கேட்டார். ஜோதிராஜின் ஆஸ்பத்திரி விவரத்தை உதவியாளரிடம் வாங்கிவரச் சொன்னார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. லாரிக்குப் பின்னாடி நிக்கிறவங்களுக்கு ஒரு பங்கு கொடுக்கிற நேரத்துல, வெளிச்சத்துல நிக்கிற முப்பது பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு கொடுக்கலாம். அந்த முப்பதுல ஒரு ஸ்கேன் படம் இருக்கலாம், ஒரு பிள்ளையோட பரீட்சை இருக்கலாம். நீங்க முப்பது பேருகிட்ட பிடுங்கி ஒருத்தருக்குக் கொடுக்கச் சொல்றீங்க."

"பிடுங்கச் சொல்லல சார். அவசரமானவங்களுக்கு முதல்ல."

"யாரு அவசரம்? ஒரு பட்டனை வைங்க, தெரியும்."

வைத்துப் பார்த்தாள். அவருக்கு அதில் நம்பிக்கை இல்லாவிட்டாலும் ஒரு கோபுரத்தில் சோதித்துப் பார்க்க விட்டார். எந்தக் கருவி 'அவசரம்' என்று கைதூக்குகிறதோ அதற்கு முதலிடம். முதல் நாள் கண்ணாடிக்காரர்கள் நிம்மதியாக நடந்தார்கள். இரண்டாம் நாள் விளையாட்டு ஆப் ஒன்று கைதூக்கியது. மூன்றாம் நாள் சினிமா, சேலை விளம்பரம், ஜோசியம் என்று ஊரே அவசரத்தில் இருந்தது. நாலாம் நாள் அமலோற்பவத்தின் கண் மறுபடி போனது. ஹபீபா அந்தப் பட்டனைக் கழற்றினாள்.

தோற்ற செய்தியைப் போனில் சொல்ல மனம் ஒப்பாமல் பட்டறைக்கே போனாள். சுவர் முழுக்க ஸ்பேனர்களும் வாஷர் டப்பாக்களும் தொங்கின. அமலோற்பவம் கையாலேயே தடவி, ஒரு மெக்கானிக்குக்குப் பதினாலாம் நம்பரை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நடந்ததைக் கேட்டதும் அவளுக்கு வருத்தமே வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"சும்மா முதலிடம் தாரேன்னா எவன்தான் வரமாட்டான்? எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வந்த காலத்துல, இருபது வயசுல இருந்து வரிசையை நான்தான் பாத்தேன். உங்க ஆபீஸைவிடப் பெரிய சண்டை எல்லாம் பாத்தாச்சு."

"என்ன பண்ணுவீங்க?"

"மொதல்ல ஒரே வரிசைதான் இருந்துச்சு. பத்துக் குடத்தோட வாரவ முன்னால நிப்பா, ஒரு குடத்தோட வாரவ அவ பின்னால அரை மணி நேரம் நிக்கணும். அவ வீட்டுல உலை கொதிச்சிட்டுக் கெடக்கும். சரி, அவசரக்காரங்க முன்னால வாங்கன்னு சொன்னேன். உங்க கதைதான். எல்லாவளுக்கும் உலை கொதிச்சுச்சு."

"அப்புறம்?"

"ரெண்டு வரிசை போட்டேன். ஒத்தக்குட வரிசை, நிறைக்குட வரிசை. ஒத்தக்குட வரிசையில நின்னா உடனே கெடைக்கும், ஆனா ஒரே குடம். இன்னும் வேணும்னா திரும்பக் கடைசியில போய் நின்னுதான் அடுத்த குடம். பத்துக் குடம் வேணும்னா அங்கிட்டுப் போய்க் காத்துக் கெட. யாரும் யாரையும் ஒண்ணும் கேக்கவேண்டாம். பொய் சொல்லி இங்க வந்து நின்னா என்னத்தக் கண்டா? ஒரு குடம்தான்."

ஹபீபாவின் வலதுகை மேஜைமேல் கிடந்த கிரீஸ் காகிதத்தில் எதையோ எழுத ஆரம்பித்திருந்தது.

"லாத்தா? இருக்கீங்களா?"

"இருக்கேன். உங்க கண்ணாடிக்கு ஒரு தடவைக்கு எவ்வளவு போதும்? நல்லா தெரியணும்னு இல்ல, இடிக்காம நடக்க."

"கொஞ்சமே போதும். மொகம் தெரியவேண்டாம், ஆள் நிக்கது தெரிஞ்சாப் போதும். ஆனா நிக்காம வரணும்."

மூன்று வாரம் ஹபீபா அதையே செய்தாள். ஒவ்வொரு கருவியும் தனக்கு எந்த வரிசை என்று தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நிறைக்குட வரிசையில் நடுவன் பழையபடி கெட்டிக்காரன். அங்கே நிறையக் கிடைக்கும், எப்போது என்று மட்டும் கேட்கக்கூடாது. ஒத்தக்குட வரிசையில் அவன் வேறு ஆள். லாரி மறைத்தாலும் மழை பெய்தாலும், நொடிக்கு இருபது தடவை, தவறாமல், ஒரு சின்னப் பங்கு. அதற்கு மேல் ஒரு துளி கிடையாது. அதில் சினிமா ஓடாது. விளம்பரம் பாதி முகத்தோடு நிற்கும்.

மொத்த வேகம் ஆறு சதவீதம் இறங்கியது. கோமதிநாயகம் அந்த ஆறைச் சிவப்பு வட்டமிட்டு அனுப்பினார். 'பழைய நடுவனே பதினான்கு நகரங்களுக்கும் போகட்டும். இதைப் பிறகு பார்க்கலாம். சான்றிதழில் கையெழுத்துப் போடுங்கள்.'

ஹபீபா அவர் அறைக்கே போனாள்.

"பழசுல கையெழுத்துப் போடமாட்டேன் சார்."

"பதினோரு மாசமா ஒரு புகார் இல்லாத சிஸ்டம் அது."

அவள் 'பயனர் கைவிட்டார்' பெட்டியைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். அவர் முதல் பத்தைப் படித்தார். பிறகு நிறுத்தி நிறுத்தி இன்னும் பத்தைப் படித்தார். யாரும் திட்டியிருக்கவில்லை. 'ஐயா, நாலாவது முறையாக எழுதுகிறேன்' என்று ஒருவர் தொடங்கியிருந்தார். அவருடைய ஐந்தாவதும் அதே பெட்டியில் கிடந்தது.

"நான் கையெழுத்துப் போடலன்னா பதினாலு ஊருக்கும் எதுவும் போகாது," என்றாள் ஹபீபா. "உங்களை மிரட்டல சார். நான் செஞ்சது எப்படி வேலை செய்யும்னு எனக்குத் தெரியும். இந்த ஆறு சதவீதம் யாருகிட்ட இருந்து போகுதுன்னும் தெரியும். சினிமா பாக்கிறவருக்கு ஒரு நொடி சுத்தும். அவ்வளவுதான். முப்பது நாள் தூத்துக்குடியில ஓட விடுங்க. சரியில்லன்னா நானே கழட்டிடறேன்."

"மேல என்ன சொல்றது?"

"மேல நான் பேசுறேன்."

பேசினாள். முப்பது நாள் கிடைத்தது, பதினான்கு நகரங்களும் அதுவரை தள்ளிப்போயின.

முதல் நாள் மாலை நான்கு மணிக்கு இருவரும் துறைமுகச் சாலைக்குப் போனார்கள். ஹபீபா கருவியை எடுத்துவரவில்லை. டிரெய்லர்கள் வரிசையாக வந்தன. அமலோற்பவம் சாலையோரத்தில் நின்று, கழுத்தை இடமும் வலமும் திருப்பினாள். ஒரு வண்டி கோபுரத்தை மறைத்தது. இன்னொன்று மறைத்தது. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எப்படி இருக்கு?"

"மங்கலாத்தான் இருக்கு. உங்க சேலை என்ன கலர்னு கேட்டா சொல்லமுடியாது. ஆனா போகாம நிக்குது லாத்தா, அப்படியே நிக்குது." வண்டிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. அவள் இறங்கினாள். ஹபீபா கையை நீட்டப்போய் மடக்கிக்கொண்டாள். பதினெட்டு எட்டில் அமலோற்பவம் அக்கரையில் இருந்தாள். அங்கிருந்து திரும்பி, "வாரீங்களா, இல்ல வந்து கூட்டிட்டுப் போகவா?" என்று கத்தினாள்.

ஊரில் சினிமா பார்த்தவர்கள் இரண்டு நாள் முணுமுணுத்தார்கள், பிறகு மறந்துபோனார்கள். சேலை விளம்பரக்காரர்கள் ஒத்தக்குட வரிசைக்கு வந்து பார்த்துவிட்டு, அன்று மத்தியானமே நிறைக்குடத்துக்குத் திரும்பினார்கள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. இருபத்தாறாம் நாள் காலை கோமதிநாயகம் ஒரு பட்டியலோடு அவள் மேஜைக்கு வந்தார்.

"தூத்துக்குடியில இந்தக் கண்ணாடி போட்டிருக்கிறவங்க எத்தனை பேரு?"

"இருநூத்திப் பன்னெண்டு."

"ஒத்தக்குட வரிசையில எத்தனை பேரு இருக்காங்க தெரியுமா? ஒன்பதாயிரத்து முந்நூத்தி நாப்பது." பட்டியலை வைத்தார். "ஆப் எல்லாம் போயிருச்சு. இவங்க மனுஷங்க. தானா வந்து, தானா இருக்காங்க. என்னத்துக்கு? எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கு ஹபீபா, யாரோ நம்மளை ஏமாத்துறாங்க. மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும். ஒவ்வொருத்தரா கூப்பிட்டு விசாரிங்க. காரணம் இருந்தா இருக்கட்டும், இல்லாதவங்களைத் தூக்கிடுங்க."

நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. ஹபீபாவுக்கும் தெரிந்துகொள்ள ஆசை. பட்டியலின் முதல் எண்ணை அழுத்தினாள்.

எடுத்தது ஒரு பெண். பின்னணியில் காற்று இரைந்தது. உப்பளத்தில் வேலை என்றாள். எட்டு மாதக் குழந்தை வீட்டில் மாமியாரிடம் இருக்கிறது. குறைமாதப் பிள்ளை. மூச்சு நின்றால் சொல்கிற பட்டை ஒன்றை வயிற்றில் கட்டியிருக்கிறார்கள். அது வீட்டிலும் கத்தும், அவள் கைக்கும் தகவல் அனுப்பும். "மாமியாருக்குக் காது கேக்காது மேடம். இங்க சிக்னல் விட்டுவிட்டு வரும். ரெண்டு மூணு நொடி வரலன்னாலும் பிள்ளை மூச்சுதான் நின்னுட்டோன்னு வரப்பு மேல ஏறி வீட்டுக்கு ஓடுவேன். ஒரு நாளைக்கு எத்தனை ஓட்டம்! மேஸ்திரி வேலைய விட்டுப் போயிருன்னுட்டார். இப்ப ஒரு மாசமா ஓடல." கொஞ்சம் நிறுத்தி, "ஏன் மேடம், நிறுத்தப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. சும்மா கேட்டேன்."

ஹபீபா தண்ணீர் குடித்துவிட்டு இரண்டாவது எண்ணை அழுத்தினாள். ஓர் ஆண் குரல். நடுத்தர வயது இருக்கலாம். அவள் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, ஒத்தக்குட வரிசையை எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டாள்.

அவர் பதிலுக்குக் கேட்டார்.

"எதுக்குன்னு சொன்னாத்தான் தருவீங்களோ?"

குரலில் கோபமில்லை. வெட்கம் மாதிரியும் இருந்தது, பயம் மாதிரியும் இருந்தது. பலமுறை பல மேஜைகளின் முன்னால் நின்று, தன் குறையை எடுத்துச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஒருவர் குரல்போலவும் இருந்தது. எதுவென்று ஹபீபாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைக் கண்டுபிடிப்பது தன் வேலை இல்லை என்பது மட்டும் அந்த நொடியில் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"இல்லங்க," என்றாள். "சொல்ல வேண்டாம்."

"அப்ப வைக்கட்டுமா? வேலை கெடக்கு."

"வைங்க."

அன்று மதியம் கோமதிநாயகத்துக்கு அவள் ஒரு கடிதம் அனுப்பினாள். 'விசாரித்தேன். ஏமாற்று ஏதும் இல்லை, யாருக்கும் ஒரு குடத்துக்கு மேல் போகவில்லை. காரணம் கேட்கிற வரிசையில் காரணம் சொல்லத் தெரிந்தவர்கள்தான் நிற்பார்கள், அதனால் இனியும் யாரிடமும் கேட்கப்போவதில்லை. புதிய நடுவனுக்கான சான்றிதழ், பதினான்கு நகரங்களுக்கும், கையெழுத்துடன் இணைத்திருக்கிறேன்.'

பட்டியலில் மிச்சமிருந்த ஒன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தெட்டுப் பேரை அவள் கூப்பிடவே இல்லை.